தலைமையாசிரியர் (பொறுப்பு)

1987 நவம்பர் 9, திங்கள். விழுப்புரம்.

சம்பளப் பட்டியல் கல்வி அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. 'தலைமையாசிரியர்' என்ற முத்திரைக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் 'பொறுப்பு' என்று எழுதவில்லை. அதுதான் குற்றம். போன வருஷம் ஜூனிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தூக்கிச் சுமப்பவன் நான். தண்ணீர்த் தொட்டி ஒழுகினாலும் என்னிடம்தான் வருகிறார்கள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்தாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். ஒழுகும் தொட்டிக்கு அடைப்புக்குறி இல்லை. எனக்கு உண்டு.

தாளாளரைப் போய்ப் பார்த்தேன். தன் அரிசி ஆலைத் தூசுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "பாக்கலாம் சார், இன்னா அவசரம்? வேலை நடந்துக்கினுதானே இருக்குது" என்றார். நடந்துகொண்டிருப்பதால்தான் அவசரம் இல்லை. நான் ஒரு மாதம் படுத்துக்கொண்டால் அவசரம் வரும்.

சாயங்காலம் ஞானராஜ் வந்தார். வங்கி அதிகாரி, ஊரில் சில பேர் சேர்ந்து நடத்தும் நற்பணிக் கழகத்துக்குச் செயலாளர். டிசம்பர் இருபத்தேழில் பள்ளிகளுக்கு இடையே விநாடி வினா வைக்கிறார்களாம். ஜெயிக்கும் அணியை மெட்ராசில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு அனுப்புவார்களாம். "கேள்வி எடுக்கறதுக்கு உங்கள விட்டா யாரு சார் இருக்காங்க?" என்றார். இரண்டு பேரிடம் கேட்டு, அவர்கள் மறுத்த பிறகுதான் என்னிடம் வந்திருப்பார். இருந்தாலும் சரி என்றேன். ஒரு சுற்று முழுக்க எனக்குப் பிடித்த விஷயத்திலேயே வைக்கப் போகிறேன்: ஒவ்வொரு நாட்டிலும் அரசாங்கத் தலைவருக்கு என்ன பதவிப் பெயர்?

நவம்பர் 15, ஞாயிறு.

காலை முழுக்கக் கேள்வி எழுதினேன். பாஞ்சாலி எதிரில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இருக்கும் எம்.ஏ.க்களைவிடப் பொறுமையாகக் கேட்பாள். கேட்பதற்கு எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளை குட்டி இல்லை.

நாட்டின் தலைவர் வேறு, அரசாங்கத்தின் தலைவர் வேறு என்று சொன்னேன். மேற்கு ஜெர்மனியில் ஜனாதிபதி ஒருவர் இருப்பார், ஆனால் ஆள்வது சான்சலர். இத்தாலியில் அமைச்சர் குழுவின் தலைவர். ஸ்பெயினில் அரசாங்கத்தின் தலைவர். அயர்லாந்தில் 'டீஷக்', அந்த மொழியில் தலைவன் என்று பொருள். மொனாக்கோவில் ராஜாங்க அமைச்சர் என்கிற பெயரோடு ஒருவர். பெயர்தான் வேறு வேறு, நாற்காலி ஒன்றுதான்.

"சுவிட்சர்லாந்துல ஏழு பேர் கூடி ஆள்றாங்க. வருஷத்துக்கு ஒருத்தர் தலைவர். அவர் மத்தவங்களுக்கு மேலேயும் கிடையாது."

"ஏழு பேரும் சண்ட போட்டுக்காமயா இருக்கறாங்க?"

"இருக்காங்க."

"நம்ப வூட்ல ரெண்டே பேருதான்" என்றாள், தலை நிமிராமல்.

சிரித்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் சொன்னாள்: திண்டிவனம் அணியில் தையலு இருக்கிறாளாம். அவள் தம்பி முத்துசாமியின் மகள் தையல்நாயகி.

நான் பேனாவை மூடிவிட்டேன்.

ஆறு வருஷமாக அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. ஏன் என்று எனக்கே ஒரு தடவை எழுதி வைக்கிறேன். அற்பம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பனமலையில் அவர்கள் சித்தப்பா மகன் கல்யாணம். பத்திரிகை அடித்தவன் முத்துசாமி. தன் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட்., தலைமையாசிரியர், திண்டிவனம். அதற்குக் கீழே, ஊர் மணியக்காரருக்கும் கீழே, 'விருத்தாசலம், ஆசிரியர்'. எம்.ஏ.வும் இல்லை, பி.எட்.டும் இல்லை. அப்போது நான் உதவித் தலைமையாசிரியர். மூத்த அக்காவின் புருஷன். பந்தியில் ஒருவன் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, அப்படித் தள்ளி உக்காருங்க" என்றான். எழுந்து வந்துவிட்டேன். வாசலில் யாரும் என்னைத் தடுக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தைக்கும் அவன் அனுப்பும் பொங்கல் சீரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்காரன் திரும்புவதை பாஞ்சாலி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள்.

நவம்பர் 29, ஞாயிறு.

கேள்விகளையும் விடைகளையும் அட்டைகளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஞானராஜிடம் கொடுத்தேன்.

டிசம்பர் 24, வியாழன்.

முதலமைச்சர் விடியற்காலையில் இறந்துவிட்டார். கடைகள் இல்லை, பஸ் இல்லை. கிழக்குப் பாண்டி ரோட்டில் டயரைக் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு சின்னக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வராததற்காக வருத்தமும் வரவில்லை.

தற்காலிக முதலமைச்சராக ஒருவர் பதவியேற்றிருப்பதாக வானொலி சொல்கிறது. தற்காலிகம். மாநிலத்துக்கே அடைப்புக்குறி போட்டுவிட்டார்கள்.

விநாடி வினா தள்ளிவைப்பு.

1988 ஜனவரி 2, சனி.

ஜிம்பாப்வேயில் பிரதமர் பதவியையே எடுத்துவிட்டார்கள். இதுவரை பிரதமராக இருந்தவர் வருஷக் கடைசி நாளில் ஜனாதிபதி ஆகிவிட்டார். அரசாங்கத்துக்கும் இனி அவரே தலைவர். நாலு வருஷத்துக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தான் செய்தார்கள். நம் பத்திரிகைகளில் இதற்கு இடம் ஏது? எல்லாப் பக்கத்திலும் மெரினாக் கூட்டம். வானொலியில் கேட்டதோடு சரி.

பாஞ்சாலியிடம் சொன்னேன்.

"பிரதமர் வேல போயிடுச்சா அந்த ஆளுக்கு?"

"போகல. பெரிசாயிடுச்சு."

"அப்ப நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்ச இப்படி வச்சிக்கினு இருக்கீங்க?"

என் அட்டையில் ஜிம்பாப்வேக்கு விடை 'பிரதமர்' என்று இருக்கிறது. ஞானராஜிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

ஜனவரி 10, ஞாயிறு.

போட்டியை 23ஆம் தேதிக்கு வைத்திருக்கிறார்கள்.

காப்பியை வைத்துவிட்டு பாஞ்சாலி நின்றுகொண்டே இருந்தாள். "இந்த வருஷம் சீரு வந்தா உள்ள வாங்கி வச்சிக்கட்டுங்களா?" கெஞ்சவில்லை. வீட்டு வேலை ஒன்றைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டாள். அவள் தலையில் முன்பக்கம் நன்றாக நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது?

"உன் இஷ்டம்" என்றேன்.

ஜனவரி 12, செவ்வாய்.

வண்டிக்காரன் வரவில்லை. முத்துசாமியே வந்தான், மகளையும் கூட்டிக்கொண்டு. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பூசணி, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. நான் உள்ளறையில் செய்தித்தாளோடு இருந்தேன். வாசலில் பாஞ்சாலி கலகலவென்று பேசும் குரல் கேட்டது. அந்தக் குரல் இந்த வீட்டில் இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வெளியே வந்து "வாங்க" என்றேன். 'மச்சான்' என்பது வாயில் வரவில்லை.

சாப்பிட்டார்கள். தையலு உயரமாகிவிட்டாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். "மாமா, கேள்வியெல்லாம் நீங்கதான் எடுத்துருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு. அதனால உங்ககிட்ட எந்த நாட்டப் பத்தியும் பேசக் கூடாதுன்னு முடிவு பண்ணிருக்கேன். சாம்பார் நல்லா இருக்குது, அத மட்டும் சொல்றேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டை ஒட்டி வீடு கட்டியிருக்கிறானாம். பிப்ரவரி ஐந்தில் புதுமனை புகுவிழா. கிளம்பும்போது, "பத்திரிக அடிச்சு அனுப்பறேன் மாமா. இந்த வாட்டி தப்பு வராது" என்றான். கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

அவ்வளவு மோசமானவன் இல்லையோ?

ஜனவரி 17, ஞாயிறு.

பண்டிகை முடிந்தது. பாஞ்சாலி அந்தப் புடவையைத்தான் கட்டினாள். அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

ஜனவரி 20, புதன்.

பத்திரிகை தபாலில் வந்தது. மஞ்சள் தடவிய நாலு மூலை. பெயர்களைப் படித்தேன்.

'விருத்தாசலம், எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியர் (பொறுப்பு), விழுப்புரம்.'

அடைப்புக்குறி. அச்சில். ஐந்நூறு பேர் கைக்குப் போகும். அந்த இரண்டு வளைவையும் எழுத்துக் கோக்கிறவன் தேடி எடுத்துத்தானே வைத்திருப்பான்? சம்பளப் பட்டியலில் அரசாங்கம் கேட்கிறது, சரி. கிரகப்பிரவேசத்தில் எவன் கேட்டான்? பொறுப்பாம் பொறுப்பு. தலைமையாசிரியர்னு போட்டுட்டா இவன் மாடி இடிஞ்சா விழுந்துடும்?

பாஞ்சாலிக்குப் புரியவே இல்லை. "தப்பு வரக் கூடாதுன்னு யாரையோ விசாரிச்சுல்ல போட்டுருக்கான்" என்றாள்.

"யார விசாரிச்சான்? என்னைய விசாரிக்கறதுக்கு என்னாச்சு?"

"மொத பேரே உங்க பேருதாங்க. எங்கப்பா பேருக்கும் மேல போட்டுருக்கான். அதப் பாக்க மாட்டீங்களா?"

பார்த்தேன். முதல் பெயர்தான். முதல் வரியிலேயே அடைப்புக்குறி.

ஜனவரி 22, வெள்ளி.

ஞானராஜ் வந்தார். "கவரப் பிரிச்சு அட்டை எதாவது மாத்தணுங்களா சார்? ரெண்டு மாசம் ஆயிடுச்சே." வேண்டாம் என்றேன். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும்.

ஜனவரி 23, சனி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்தில் போட்டி. ஐந்து அணிகள். எங்கள் பள்ளி முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது; அதனால் எனக்கு எந்தப் பட்சமும் இல்லை, இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஞானராஜ் கேள்வி கேட்டார். எனக்கு மேடையில் தனி மேசை, வெள்ளைத் துணி, 'நடுவர்' என்று அட்டை. அடைப்புக்குறி இல்லை.

பாஞ்சாலி பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில், தம்பிக்கும் அவன் மனைவிக்கும் பக்கத்தில்.

கடைசிச் சுற்று பதவிப் பெயர்கள். கடலூர் அணியில் ஒரு பையன் சான்சலர் என்றால் பல்கலைக்கழக வேந்தர்தானே என்று கேட்க, கூட்டம் சிரித்தது. தையலுவின் அணிக்கு அயர்லாந்து வந்தது, விழித்தார்கள், போயிற்று. அதற்குப் பிறகு இத்தாலியைச் சரியாகச் சொல்லிக் கடலூரோடு சமமாக வந்துவிட்டார்கள். மிச்சம் ஒரே கேள்வி. திண்டிவனத்துக்கு. ஞானராஜ் அட்டையை எடுத்தார். ஜிம்பாப்வே.

தையலு எழுந்தாள். "ஜனாதிபதி சார். முன்னாடி பிரதமர் இருந்தாரு. இந்த வருஷத்துலருந்து அந்தப் பதவி இல்ல."

ஞானராஜ் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நடுவர் சொல்லுங்க சார்."

நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மேசைத் துணியில் ஒரு டீக் கறை இருந்தது, அதைப் பார்த்தேன்.

"அட்டையில் உள்ளதே விடை" என்றேன்.

கேள்வி கடலூருக்குப் போனது. "பிரதமர்" என்றான் அந்த வேந்தர் பையன். கைதட்டல். அவர்கள் மெட்ராஸ் போகிறார்கள்.

தையலு அழவில்லை. "சார், அது மாறிடுச்சு சார்" என்று ஒரு தடவை சொன்னாள். மாமா என்று சொல்லவில்லை. பிறகு உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

கீழே இறங்கியபோது முத்துசாமி எதிரில் வந்தான். தகராறு செய்வான், செய்யட்டும், விதிமுறைகளைச் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். "வாங்க மாமா, ஒரு டீ சாப்டலாம்" என்றான்.

"வேலை இருக்கு" என்றேன்.

பாஞ்சாலியோடு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தாள்.

"ஜிம்பாப்வே பத்தி நீங்க சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. அந்த ஆளுக்கு வேல போயிடுச்சான்னு நான் கேட்டேன்."

"அட்டை நவம்பர்ல எழுதினது."

"பொண்ணு இன்னிக்கில்ல சொல்லுச்சு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அதுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீதானே சொல்லிக் குடுத்தே? சீரு வந்த அன்னிக்கு சமையல்கட்டுல குசுகுசுன்னு பேசிக்கினு இருந்தீங்களே, கேட்டுக்கினுதான் இருந்தேன்."

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. புது ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

"நான் சொல்லிருந்தா அந்த ஒண்ண மட்டுமா சொல்லுவேன்? அயர்லாந்துக்கு முழிச்சிக்கினு நின்னாளே, அதையும் சேத்துச் சொல்லிருக்க மாட்டேனா?"

இதற்கு ஒரு பதில் இருக்கத்தான் வேண்டும்.

ஜனவரி 26, செவ்வாய்.

கொடியேற்றினேன். பேசினேன். மிட்டாய் கொடுத்தோம். வீட்டில் பேச்சு இல்லை.

பிப்ரவரி 1, திங்கள்.

திண்டிவனத்திலிருந்து கழகத்துக்குப் புகார் வரும் என்று எதிர்பார்த்து பதில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு பக்கம், நல்ல பதில். கேள்வி எடுத்த தேதியே விடையின் தேதி என்பது வாதம். இன்று ஞானராஜைக் கேட்டேன். "இல்லியே சார், யாரும் ஒண்ணும் எழுதல. அந்தப் பொண்ணோட அப்பா அன்னிக்கே எனக்குக் கை குடுத்துட்டு, நல்லா நடத்துனீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. தங்கமான மனுஷன்."

ஒரு வரி கூட எழுதவில்லை அவன். கிழித்துப் போட்டேன் என் பதிலை.

பிப்ரவரி 5, வெள்ளி.

பாஞ்சாலி விடியற்காலைப் பஸ்ஸுக்குப் போனாள். போகலாமா என்று கேட்கவில்லை. போகிறேன் என்றாள். "ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன். கேப்பை மாவு டப்பால இருக்குது, தயிருக்கு ஒற குத்திருக்கேன்." நீங்களும் வாங்க என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். மறுக்கவாவது ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கலாம்.

பிப்ரவரி 9, செவ்வாய்.

வரவில்லை.

பிப்ரவரி 21, ஞாயிறு.

சின்னக்கண்ணு கேட்டார், "அம்மா ஊர்லருந்து வர்லீங்களா?" தம்பி வீட்டில் வேலை அதிகம் என்றேன். புது வீடு, ஆள் வேண்டும் அல்லவா? அவரும் ஆமாம் ஆமாம் என்றார். இரண்டு பேருமே நன்றாகப் பொய் சொல்கிறோம்.

சோறு குழைந்துவிட்டது. கூப்பிட்டால் வருவாள். கூப்பிட வேண்டும் என்றால் எதற்குப் போனாய் என்று முதலில் கேட்க வேண்டும். எதற்குப் போனாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை எப்படிக் கேட்பது?

மார்ச் 14, திங்கள்.

உத்தரவு வந்துவிட்டது. தலைமையாசிரியர். தாளாளர் ஆலையிலிருந்து மாலையோடு வந்தார். ஆசிரியர் அறையில் கேசரி, மிக்சர், டீ. சவுரியம்மாள் டீச்சர், "வூட்ல சொல்லிட்டீங்களா சார்? அவங்கதான் ரொம்ப சந்தோஷப்படுவாங்க" என்றார்.

சொல்லிவிட்டேன் என்றேன்.

பழைய பழக்கத்தில் ஒரு கடிதத்தில் 'பொறுப்பு' என்று எழுதிவிட்டு அடித்தேன்.

மார்ச் 15, செவ்வாய்.

திண்டிவனத்துக்கு ஒரு கார்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'எனக்கு உத்தரவு வந்துவிட்டது' என்ற ஒரு வரிக்கு மேல் போகவில்லை. போடவில்லை.

ஏப்ரல் 10, ஞாயிறு.

திண்டிவனம் போய்விட்டு வந்தேன்.

செஞ்சி ரோட்டில் விசாரித்துப் போனேன். பச்சை மாடி. சுற்றுச்சுவர் வேலை நடக்கிறது. கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு, "யாருங்க? யார் வேணும்?" என்றார். எங்கே போனாலும் பெயர், படிப்பு, பதவி என்று வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வழியெல்லாம் பஸ்ஸில் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், புதுப் பதவியோடு. ஒன்றும் வாயில் வரவில்லை.

"பாஞ்சாலிக்கு வூட்டுக்காரன்" என்றேன்.

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். முத்துசாமி ஓடி வந்தான், "வாங்க மாமா, வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தையலு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பரீட்சை முடிஞ்சிடுச்சு மாமா" என்றாள். நான் ஜிம்பாப்வே என்று ஆரம்பித்தேன். "பரவால்ல மாமா" என்றாள், ஜல்தியாக. அதைப் பற்றிப் பேச அவளுக்கு விருப்பமில்லை.

பாஞ்சாலி பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

"உத்தரவு வந்துடுச்சு" என்றேன்.

"தெரியும். தம்பி சொன்னான். நல்லதுங்க."

"பள்ளிக்கூடம் லீவு விடப்போறாங்க. நீ எப்ப..."

"வெயில்ல வந்துருக்கீங்க" என்றாள். "சாப்ட்டுட்டுப் போங்க."

கூடத்தில் உட்கார்ந்தோம். முத்துசாமிக்கும் தையலுவுக்கும் வழக்கம்போல் எவர்சில்வர் தட்டு வைத்தாள். பிறகு கொல்லைக்குப் போய், ஒரு தலைவாழை இலையை நறுக்கிக் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்து என் முன்னால் போட்டாள்.

இலையில் நான் மட்டும் சாப்பிட்டேன். குறை ஒன்றும் இல்லை. வடை, அப்பளம், பாயசம்கூட இருந்தது. ஒவ்வொன்றையும் இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா, போடட்டுங்களா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். விழுப்புரத்தில் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

ஆறு மணிப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.